பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே பயிற்சி: தொலைபேசி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

2022 ஜூன் மாதக் கடைசியைக் கொழும்பில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த நாட்கள் அவை. முச்சக்கர வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அந்த நேரத்தில் வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், லிஃப்ட் இல்லாத மாடிவீட்டின் இரண்டாம் மாடியில் என் வாப்பா வலது கையும் காலும் இயங்காமல் படுத்திருந்தார். பாரிசவாதம் வந்து ஆறு வாரம். வயது 71.

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது, வாரத்துக்கு இரண்டு தடவை பிசியோதெரபிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று தடவை கொண்டுபோனோம். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கையில் உள்ள நான்கு இளைஞர்கள் வாப்பாவைக் கதிரையோடு தூக்கி 36 படி இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். நாற்பது வருடம் புறக்கோட்டையில் புடவைக்கடை நடத்திய மனிதர், தன்னைப் பிறர் சுமப்பதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பெற்றோல் நின்றது, போக்கும் நின்றது.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் சகோதரருக்கும் வர வழியில்லை. "வீடியோ கோல் எடுங்க, நான் சொல்லித் தாறேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கை கால் விழுந்த மனிதருக்குப் போனில் என்ன வைத்தியம்? அந்தக் கேள்விக்கு அடுத்த எட்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்ட பதில்தான் இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் இதே நிலையில் பல பெரியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு நகரில் வளர்ந்தவர்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குச் சற்று மேல் பாரிசவாதம் கண்டவர்கள் என்று கணக்கிட்டது. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீடாவது இருக்கும்.

மூளை எப்படித் திரும்பப் பழகுகிறது?

பாரிசவாதத்தில் கைக்கும் காலுக்கும் ஒன்றும் ஆவதில்லை. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அடைபட்டு, அல்லது இரத்தக் குழாய் வெடித்து, அந்தப் பகுதி இறந்துபோகிறது. கைக்கு உத்தரவு கொடுத்த இடம் அழிந்துவிட்டதால் கை அசைவதில்லை. இறந்த பகுதி மீண்டும் உயிர் பெறாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் வேறு பாதைகளும் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள முடியும். அல்லாஹ் மூளைக்குக் கொடுத்திருக்கும் பெரிய ஆற்றல் இது.

அது கற்றுக்கொள்வது ஒரே ஒரு வழியில்தான்: செய்து செய்து. குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளை ஓர் ஆயத்தைத் திரும்பத் திரும்ப ஓதித்தானே மனனம் செய்கிறது? உஸ்தாத் ஓதுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஹாபிஸ் ஆக முடியாது. கையும் அப்படித்தான். பிறர் பிடித்து அசைத்து விடுவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் மூட்டு இறுகாமல் இருக்க உதவலாம், ஆறுதலும் தரலாம். ஆனால் நோயாளி தானே முயன்று அசைக்கும்போதுதான் மூளை பாடம் படிக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நிலையங்களில் பயிற்சிகளை நேரில் எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒரு சிகிச்சை நேரத்தில் நோயாளி பலவீனமான கையால் பயனுள்ள அசைவு செய்தது சராசரியாக 32 தடவைதான். மூளை மாறுவதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை. வசதியான நாடுகளிலேயே நிலைமை இது என்றால், வாரத்துக்கு இரண்டு தடவை கிளினிக் போய் வருவதால் மட்டும் கை வந்துவிடும் என்று நாம் எப்படி எதிர்பார்ப்பது? மீதி ஐந்து நாள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் அன்பு செய்த தவறு

எங்கள் வீட்டில் அந்த ஐந்து நாளும் நடந்தது இதுதான். உம்மா சோறு ஊட்டினார். நான் சட்டை போட்டுவிட்டேன். தம்பி வுழூச் செய்துவிட்டான். வாப்பா கை நீட்டும் முன்பே தண்ணீர்க் கோப்பை வாய்க்கு வந்தது. "நீங்க படுங்க வாப்பா, நாங்க இருக்கிறோம்." இதை பெற்றோருக்குச் செய்யும் கடமை என்றுதான் நினைத்தோம்.

பயன்படுத்தாத கையை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. முதலில் கை வராததால் பயன்படுத்தாமல் இருப்பார்கள். பிறகு பயன்படுத்தாததாலேயே கை வராமல் போகும். வாப்பாவின் வலது கையை அப்படி ஒதுக்கிவைத்தது பாதி நோய், பாதி நாங்கள்.

இன்னொரு தவறு அதைவிட மோசமானது. கட்டிலில் இருந்து எழுப்பும்போது நான் வலது கையைப் பிடித்து இழுத்தேன். தசை தளர்ந்த தோளில் மூட்டைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இருக்காது; இழுத்தால் மூட்டு இறங்கும். வாப்பாவின் தோள் வலி மூன்று மாதம் நின்றது. வீட்டில் பாரிசவாத நோயாளி இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். இடுப்பைப் பிடியுங்கள்.

இவை இரண்டையும் கண்டுபிடித்தது வீடியோவில் பார்த்த அந்தச் சகோதரர்தான். கிளினிக்கில் வாப்பாவை மட்டும் பார்த்தவர்கள், வீட்டில் எங்களைப் பார்த்திருக்கவில்லை. நான் தூக்கும் விதம், கட்டிலின் உயரம், குளியலறை வாசற்படி எல்லாம் போன் வழியாகத்தான் அவர் கண்ணில் பட்டன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் 11 நிலையங்களில் 124 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள்; முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு குழு கிளினிக்குக்கு வந்தது. மற்றது வீட்டிலிருந்தே திரை வழியாகச் செய்தது. இரண்டுக்கும் 70 நிமிடப் பயிற்சி, 36 தடவை. அதில் பாதி சிகிச்சையாளர் பார்த்துக்கொண்டிருக்க, மீதி தாமாகவே. கையின் முன்னேற்றம் இரு குழுவிலும் ஏறக்குறைய சமம். 2020இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் தொகுப்பும், தொலைவழிப் பயிற்சி நேரடிப் பயிற்சியைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றே சொன்னது. ஆனால் ஆதாரம் இன்னும் போதிய உறுதியானதல்ல என்றும் சேர்த்துச் சொன்னது.

நமக்கு நெருக்கமான அனுபவம் சென்னையுடையது. பாரிசவாத நோயாளிக்கும் கவனிப்பவருக்கும் ஸ்மார்ட்போனில் பயிற்சிகளைக் காட்டும் ஒரு திட்டத்தை அங்கே நோயாளிகளிடம் இரண்டு கட்டமாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். முதல் கட்டத்தில் வந்த முறைப்பாடுகள் நமக்கும் பழக்கமானவை: இணைப்பு அறுந்தது, வீடியோ ஓடவில்லை, படம் தெளிவில்லை. அவற்றைத் திருத்திய பிறகு அடுத்த கட்டத்தில் குடும்பங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளிகளோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே வீட்டில் நோயாளியைப் பயிற்றுவிக்கச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழமையான கவனிப்புப் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் விளங்கிக்கொள்வது இது: குடும்பத்தின் அன்பும் சில நாள் பயிற்சியும் தனியே போதாது. தெரிந்த ஒருவர் தொடர்ந்து பார்த்து, திருத்தி, பாரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதைத்தான் தொலைபேசி வீட்டுக்குள் கொண்டுவருகிறது. யூடியூப்பில் கிடைத்த ஒரு வீடியோவைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு "இதைச் செய்ங்க" என்பது தொலைவழிச் சிகிச்சை அல்ல. அந்த வீடியோவுக்கு உங்கள் வாப்பாவைத் தெரியாது.

எங்கள் வீட்டில் அது நடந்த விதம்

பெற்றோல் நெருக்கடிக்கு முன்பே அந்தச் சகோதரர் வாப்பாவை நேரில் தொட்டுப் பரிசோதித்திருந்தார். இது கட்டாயம். தசையின் இறுக்கத்தையும் சமநிலையையும் திரையில் அளக்க முடியாது. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் மாதம் ஒரு தடவை நேரில் வந்தார்.

முதல் வீடியோவில் அவர் கேட்டது, "ஹாஜியார், உங்களுக்கு என்ன செய்ய வேணும்?" வாப்பா யோசிக்கவே இல்லை. "ஜும்ஆவுக்குப் போகவேணும்." நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பது வாப்பாவுக்குத் தெரியும். இருந்தும் அதைத்தான் கேட்டார். சகோதரர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார்: குத்பா முடியும் வரை சாயாமல் கதிரையில் இருப்பது, உதவியின்றி எழும்புவது, 36 படி, ஒழுங்கை முனை வரை நடை. அதன்பிறகு நாங்கள் "கை கால் வருமா" என்று கேட்பதை விட்டு, இந்த வாரம் எத்தனை படி என்று எண்ணத் தொடங்கினோம்.

வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் வைத்தோம். ஆயத்தங்கள் இவை:

போனைக் கையில் பிடிக்கவில்லை. இடுப்பு உயரத்தில் மேசையில், புத்தகங்களுக்கு இடையே நிறுத்தினோம். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். யன்னல் பின்னால் இருந்தால் ஆள் கறுப்பாகத்தான் தெரிவார். எழும்பும் பயிற்சிக்குப் பக்கவாட்டில் வைத்தோம்.

பிளாஸ்டிக் கதிரை மாபிளில் வழுக்கும். பாரமான மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்தோம். தரைவிரிப்புகளையும் முஸல்லாவையும் சுருட்டினோம். சாரன் காலில் சிக்கும் என்பதால் பயிற்சி நேரத்துக்குத் தளர்ந்த காற்சட்டை.

தொடங்கும் முன் பிரஷர் பார்த்து எழுதினோம். எந்த அளவுக்கு மேல் போனால் பயிற்சி வேண்டாம் என்பதை டொக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

நான் பலவீனமான பக்கம் நிற்பேன். கை இடுப்பருகே இருக்கும், ஆனால் தொடாது. "ஹாஜியார், கால பின்னால இழுங்க, முன்னுக்குக் குனிங்க, இப்ப எழும்புங்க" என்று திரையிலிருந்து குரல் வரும். மூன்றாவது வாரம் நான் பயந்து பிடிக்கப் போனபோது வாப்பா சொன்னார்: "மகன், கைய உடு. நானே எழும்புறேன்." எழும்பினார்.

படிகளுக்கு அவர் சொன்ன முறையை எல்லோரும் தெரிந்து வைக்கலாம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

வீடியோ இல்லாத நாட்களில் ஒரு கொப்பியில் கோடு போட்டோம். ஒவ்வொரு தொழுகைக்கும் முன் பத்துத் தடவை எழும்பி இருப்பது, பத்துத் தடவை வலது கையால் கோப்பையை நகர்த்துவது. ஐந்து வக்து என்ற ஒழுங்கு ஏற்கனவே வீட்டில் இருந்ததால் மறதி என்ற பேச்சே வரவில்லை. வுழூவையும் தம்பியிடமிருந்து வாப்பாவிடமே திருப்பிக் கொடுத்தோம். முதலில் இருபது நிமிடம் எடுத்தது. பொறுத்தோம். இணைப்பு மோசமான நாட்களில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம்; இரவில் குரல் பதிவில் திருத்தம் வரும்.

கொட்டாஞ்சேனையில் போதாமல் போனது

தொலைபேசி எல்லாவற்றையும் தீர்க்காது என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் ராத்தாவின் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது 2020 நவம்பரில். அந்தப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டிருந்த காலம். கொவிட்டில் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், வைத்தியசாலை என்றாலே நம்மவர்கள் நடுங்கிய காலம். மாமியைச் சில நாளிலேயே கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தெரிந்த ஒருவர் போனில் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

மாமிக்கு விழுந்தது இடது பக்கம். அதோடு இடது பக்க உலகமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. பீங்கானில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிடுவார். போனை இடப்பக்கம் வைத்தால் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார். தண்ணீர் குடித்ததும் இருமுவார், குரல் நனைந்தது போல மாறும். அது விழுங்குவதில் கோளாறு என்பதன் அடையாளம். சிறிய திரையில் அது யாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. உணவும் நீரும் சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வந்த பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. ஆனால் ஆரம்ப வாரங்கள் போய்விட்டன. இரண்டு வருடம் கட்டிலிலேயே இருந்து வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்வானாக.

ஆகவே விழுங்குவதில் சிரமம், ஒரு பக்கத்தையே கவனிக்காமை, கடுமையான குழப்பம், உட்காரவே முடியாத நிலை, அடிக்கடி விழுதல் இருந்தால் திரையை நம்பியிருக்க வேண்டாம். இப்படியானவர்களுக்கு நேரடிச் சிகிச்சை வேண்டும். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு அனுப்ப முடியுமா என்று கவனிக்கும் டொக்டரிடம் கேளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாக ஒரு கையோ காலோ சோர்தல் கண்டால் உடனே நிறுத்தி 1990 சுவசெரியவை அழையுங்கள். அது இலவசம். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான். ஓதிப் பார்ப்பதும் எண்ணெய் தேய்ப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல்.

நம் பெண்களுக்கும் நம் மொழியிலும்

நம் வீடுகளில் உம்மாமார் பிசியோதெரபியை விட்டுவிடுவதற்குச் சொல்லப்படாத ஒரு காரணம் வெட்கம். அந்நிய ஆண் தொடுவதை அவர்கள் விரும்புவதில்லை. வீடியோ வழியில் தொடுவது மகளோ மருமகளோதான். பெண் சிகிச்சையாளரைக் கேட்டுப் பெறுவதும் இலகு. அபாயாவுக்குள் முழங்காலின் அசைவு தெரியாது. தளர்ந்த ஷல்வார் போதும். கோலைப் பதிவு செய்வதா, யார் பார்ப்பார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நோயாளியின் வீடியோ குடும்பக் குழுக்களில் சுற்றக் கூடாது.

மொழியும் முக்கியம். பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சும் விளக்கமும் குறைந்தவருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கட்டளை ஏறாது. தமிழ் பேசும் சிகிச்சையாளர் உங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால், நேரடிப் பரிசோதனையை இங்கே முடித்து, மட்டக்களப்பிலோ கண்டியிலோ இருப்பவரோடு தொடரலாம். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல்கள் செய்யக் கூடியது

நம் மஹல்லாக்களில் ஜனாஸாவுக்கு எல்லா ஏற்பாடும் உண்டு. சந்தூக்கு உண்டு, கபன் உண்டு, குழி வெட்ட ஆள் உண்டு. உயிரோடு கட்டிலில் இருப்பவருக்கு என்ன உண்டு? இரவலாகக் கொடுக்க ஒரு பிரஷர் மெஷின், கைத்தாங்கி, சக்கர நாற்காலி. போனை நிறுத்தி இணைப்பு எடுத்துக் கொடுக்க வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கும் ஓர் இளைஞர். வசதியற்ற குடும்பத்துக்குச் சிகிச்சைக் கட்டணமும் டேட்டாவும் ஸகாத், ஸதகா நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று உலமாக்கள் வழிகாட்டலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கதிரையோடு தூக்கிய அந்த நான்கு இளைஞர்களைப் போன்றவர்கள் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

வாப்பாவின் வலது கை முழுதாக வரவில்லை. பொத்தான் பூட்ட முடியாது, எழுத்து இடது கையில்தான். முதல் ஆறு மாதத்தில் வந்த வேகம் பிறகு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் கொப்பியில் கோடு விழுகிறது. 2023 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, கைத்தடியோடு, கைப்பிடியைப் பிடித்து, பலவீனமான காலை முதலில் வைத்து 36 படியும் தானே இறங்கினார். நான் ஒரு படி முன்னால் திரும்பி நின்றபடி இறங்கினேன், தொடாமல். பள்ளியில் கதிரையில் இருந்து தொழுதார். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் கட்டிலில் இருந்தால், இன்றைக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது கோப்பையை வாயருகே கொண்டுபோகாமல் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பிறகு ஒரு சிகிச்சையாளருக்குக் கோல் எடுங்கள். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து, முயற்சி நம்மிடமிருந்து.